பெயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கும் துரு: கண்டுபிடிப்பதும் களைவதும்

காஞ்சிபுரத்தில் வைகாசிப் பிரம்மோற்சவத்தின்போது வரதராஜப் பெருமாள் தேர் வீதிக்கு வருவதற்கு முன்பு, அதன் அச்சும் சக்கரங்களும் ஓட்டத்திற்குத் தகுதியாக உள்ளனவா என்று பார்க்கப்படுகின்றன. மேலே எத்தனை தோரணமும் பூவும் இருந்தாலும் பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள அச்சுதான் என்பது வடம் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் உழவர் வீட்டு வாசலில் நிற்கும் டிராக்டர், டிரெய்லர், சரக்கு வேன் ஆகியவற்றுக்கோ இத்தகைய சோதனை நடப்பது அரிது. ஆயுத பூஜை அன்று கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம் பழத்தை நசுக்கி ஓட்டுவதோடு சரி. கழுவிய தகரம் பளபளவென்று இருப்பதால் வண்டி நன்றாக இருப்பதாகவே பலரும் எண்ணிவிடுகின்றனர்.

தகரத்தைத் தின்னும் துரு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் தொடங்குவதில்லை. பெயிண்ட் எட்டாத உட்பக்கத்திலும், இரண்டு தகடுகள் சேரும் மடிப்பிலும், சேறு அடைத்த மூலையிலும்தான் அது தொடங்குகிறது. வெளியில் மிளகு அளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கை அகலத்திற்குத் தகடு இளைத்திருக்கலாம். நெற்பயிரில் தண்டுத் துளைப்பான் புழு உள்ளே தின்றுகொண்டிருப்பது, நடுக்குருத்து காய்ந்த பிறகே வெளியே தெரிவதைப் போன்றது இது.

இதில் பணம் மட்டுமின்றி உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. நெல் மூட்டைகளுடன் ஏரிக்கரை மேட்டில் ஏறும் டிரெய்லரின் இழுவைத் தண்டு துருப்பிடித்து ஒடிந்தால், அந்தப் பாரம் முழுவதும் பின்னோக்கி உருளும். வேனின் தரைத் தகடு இற்றுப்போனால் இருக்கையும் அதன் பட்டையும் பிடிப்பை இழக்கும். ஆகவே மறைந்திருக்கும் துருவைக் காலத்தில் கண்டுபிடித்துக் களைவது ஒவ்வொரு உழவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வேலையாகும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

கடல் இல்லாத ஊரில் துரு ஏன்?

இரும்பு துருப்பிடிப்பதற்குத் தண்ணீரும் காற்றில் உள்ள பிராண வாயுவும் சேர்ந்து இருக்க வேண்டும். இவற்றுடன் உப்பும் சேர்ந்துவிட்டால் துருவின் வேகம் பல மடங்கு கூடும். காரைக்குடியில் 1953ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய்ந்து வருகிறது. கடலோரக் காற்றில் வைத்த இரும்பு, உள்நாட்டில் வைத்த இரும்பைவிட விரைவாக அரிக்கப்படுகிறது என்பது இத்தகைய ஆய்வுகளில் தெளிவான செய்தி.

காஞ்சிபுரமோ கடற்கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. அப்படியிருந்தும் இங்கே டிரெய்லர்களின் தரைத் தகடு இற்றுப்போவது ஏன்? உப்பைக் கடற்காற்று கொண்டுவர வேண்டியதில்லை. உழவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். மியூரேட் ஆப் பொட்டாஷ் உரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி குளோரைடுதான். சமையல் உப்பு இரும்பை அரிப்பதும் இதே குளோரைடினால்தான். சூப்பர் பாஸ்பேட்டில் அமிலத் தன்மை உண்டு. யூரியா, காற்றில் ஈரப்பதம் 75 சதத்தை ஒட்டி உயரும்போது ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். யூரியாவும் பொட்டாஷும் கலந்து கிடந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். எனவே மூட்டையிலிருந்து சிந்திய ஒரு பிடி உரம், மழை இல்லாத நாளிலும் இரவுப் பனியிலேயே தகட்டை நனைத்து வைத்திருக்கும்.

குளிர் நாடுகளில் சாலையில் உறையும் பனியைக் கரைப்பதற்காக உப்பைத் தூவுகின்றனர். அங்குள்ள கார்கள் அடிப்பக்கத்தில் விரைவாகத் துருப்பிடிப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். அங்கே உப்பு சாலையில் கிடக்கிறது. இங்கே வண்டிக்குள்ளேயே கிடக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

அடுத்த காரணம் சேறு. சேற்றுழவு முடித்த டிராக்டரின் மட்கார்டுக்கு அடியில் ஒட்டிய களிமண் காய்ந்து கட்டியாக நிற்கும். மேலே பார்த்தால் காய்ந்திருக்கும். தகட்டை ஒட்டிய பக்கம் பல நாள் ஈரமாகவே இருக்கும். காற்று எட்டும் இடத்திற்கும் எட்டாத இடத்திற்கும் இடையே, பாட்டரியில் நடப்பதைப் போன்ற ஒரு மின் வேதி மாற்றம் நடக்கிறது. இதில் காற்று எட்டாத, சேறு மூடிய பகுதிதான் கரைந்துபோகும். மூடி இருப்பதால் பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது தவறு.

பெயிண்ட் எட்டாத இடம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டிலும் பெரிய கார் ஆலைகளில் உற்பத்தி தொடங்கியது. இன்றைய கார் ஆலைகளில் காரின் கூட்டைத் தனித் தனியாகப் பிரஷ் கொண்டு பூசுவதில்லை. முதலில் பாஸ்பேட் கரைசலால் பக்குவப்படுத்தி, பிறகு முழுக் கூட்டையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்துகின்றனர். இதனால் மடிப்பு, உட்கூடு ஆகியவற்றிலும் பிரைமர் படிகிறது. வெளிப் பூச்சு அதற்குப் பிறகுதான்.

உள்ளூர்ப் பட்டறையில் செய்யப்படும் டிரெய்லருக்கும், வேனின் பின்புறம் கட்டப்படும் சரக்குத் தொட்டிக்கும் இத்தகைய வசதி இல்லை. பட்டறையில் வெல்டிங் முடிந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் ரெட் ஆக்சைடும் பெயிண்டும் அடிக்கின்றனர். பாக்ஸ் சேனலின் உட்பக்கம், குறுக்குச் சட்டமும் தரைத் தகடும் சேரும் இடுக்கு, வெல்டிங்கின் பின்பக்கம் ஆகியவை வெறும் இரும்பாகவே நின்றுவிடுகின்றன. கரையை உடலோடு கோத்து நெய்யும் கோர்வைப் பட்டில், சேர்க்கும் இடத்தில்தான் நெசவாளர் அதிகக் கவனம் வைப்பார். வண்டியில் தகடு சேரும் இடத்தில்தான் கவனம் குறைகிறது. துருவுக்கு அதுவே வாசல்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

டிரெய்லரில்: தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டங்கள் சேரும் இடம், பக்கக் கதவுகளின் கீல், நான்கு மூலைகள், பட்டை வில் பொருத்திய தாங்கிகள், டிராபார் எனப்படும் இழுவைத் தண்டு சேஸிஸோடு பற்றவைக்கப்பட்ட இடம், கொக்கி வளையத்தின் உட்புறம்.

டிராக்டரில்: மட்கார்டின் அடிப்புறம், பாட்டரிப் பெட்டியின் தளம், பானெட்டின் கீழ் விளிம்பு, கால் வைக்கும் தகடு, விளக்குத் தாங்கிகள், டீசல் டாங்கின் அடிப்பகுதி.

சரக்கு வேனிலும் காரிலும்: கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உதடு, கால் மிதியடிக்குக் கீழ் உள்ள தரை, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், பின் கதவின் கீல், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், தொட்டியில் விரித்த ரப்பர் பாயின் அடி.

இவற்றில் எல்லாத் துருவும் ஒரே அளவு ஆபத்தானதன்று. பானெட்டில் உள்ள துரு அழகைக் கெடுக்கும். இழுவைத் தண்டில் உள்ள துரு ஆளைக் கொல்லும். இங்கிலாந்தில் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் ஒரு நல்ல முறையைக் கடைப்பிடிக்கின்றனர். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், இருக்கைப் பட்டை ஆகியவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழக்கும் அளவுக்குத் துரு இருந்தால் அந்த வண்டி தேறாது. ஏறத்தாழ ஓர் அடி தூரம் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பாரத்தைத் தாங்கும் பொருத்துகளுக்கு ஓர் அடி தூரத்திற்குள் காணும் துருவை முதலில் கவனிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் ஐந்து வழிகள்

1. கண்: வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்தி, டார்ச் விளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். நேராக அடித்தால் தெரியாத கொப்புளங்கள் சாய்ந்த ஒளியில் நிழலோடு தெரியும். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். பெயிண்ட் உப்புவதற்கும், இரண்டு தகடுகளுக்கு நடுவே மடிப்பு வாய் பிளப்பதற்கும் இதுவே காரணம்.

2. விரல்: கதவின் கீழ் விளிம்பு, மட்கார்டின் மடிப்பு போன்று கண்ணுக்கு எட்டாத இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கூரிய விளிம்பு கிழிக்கும் என்பதால் கையுறை அணிவது நல்லது. சொரசொரப்பும் செதில் உதிர்வும் துருவின் அடையாளம்.

3. காது: திருப்புளியின் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இளைத்த தகடும், பட்டி அடைத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். பானையைத் தட்டி வாங்கும் கைக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும்.

4. காந்தம்: சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் நகர்த்த வேண்டும். பெயிண்டுக்கு அடியில் பட்டி கனமாக அடைக்கப்பட்டிருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடிக்காமல் வழுக்கும். சில வண்டிகளில் பம்பரும் வேறு சில பாகங்களும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அங்கே காந்தம் ஒட்டாதது குறையன்று.

5. முனை: சந்தேகப்பட்ட இடத்தில் திருப்புளி முனையை வைத்துக் கையால் அழுத்த வேண்டும். நல்ல தகடு அசையாது. அமுங்கினாலோ பொத்துக்கொண்டாலோ அங்கே தகடு என்று எதுவும் மிச்சமில்லை என்று பொருள்.

இவற்றுடன் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. மாலையில் கழுவிய வண்டியை மறுநாள் காலையில் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லா இடமும் உலர்ந்திருக்க, ஏதேனும் ஒரு மடிப்பிலிருந்து மட்டும் பழுப்பு நிறத்தில் கோடு வழிந்திருந்தால், அந்த மடிப்புக்குள் தண்ணீர் தங்கித் துருவைக் கரைத்து வருகிறது என்று அறியலாம். கண்ட இடங்களையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் குறித்துக்கொண்டால் பிறகு தவறாது.

துருவின் மூன்று நிலைகள்

முதல் நிலை மேல் துரு. துணியால் தேய்த்தால் செம்பொடி வரும்; அடியில் இரும்பு வழுவழுப்பாக இருக்கும். இரண்டாம் நிலை குழித் துரு. சுரண்டினால் செதிலாக வரும்; அம்மைத் தழும்பைப் போல் குழிகள் இருக்கும். மூன்றாம் நிலை பொத்தல். காரின் வெளித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமே உடையது. எனவே அதில் குழித் துரு பொத்தலாக மாறுவதற்கு அதிக காலம் பிடிக்காது. முதல் இரு நிலைகளையும் உழவரே வீட்டில் சரிசெய்யலாம். மூன்றாம் நிலைக்குப் பட்டறைதான் வழி.

களையும் முறை

முதலில், குறித்த இடத்தைச் சுற்றியுள்ள சேறு, எண்ணெய், உரப்பொடி ஆகியவற்றை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிணற்று நீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு முறையேனும் நல்ல நீர் விட்டு அலச வேண்டும். பிறகு இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி முழுவதும் காயவிட வேண்டும்.

அடுத்து, சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் துருவை உதிர்த்து, 80 எண் உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கொப்புளத்தோடு நிறுத்திவிடாமல், அதைச் சுற்றி நல்ல பெயிண்ட் இருக்கும் பகுதியிலும் இரண்டு விரல் அகலத்திற்குத் தேய்க்க வேண்டும். துரு பெயிண்டுக்கு அடியில் வேர் விட்டுப் பரவும். கோரையைக் கிழங்கோடு எடுக்காமல் மேலே அறுத்துவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும் நடக்கும். ஓரங்களை 180 எண் தாளால் சரிவாக இழைத்துவிட வேண்டும். தேய்க்கும்போது கண்ணாடி அணிவதும், மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிவதும் அவசியம். பழைய வண்டிகளின் பெயிண்டில் ஈயம், குரோமேட் போன்ற நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும். அந்தத் தூசி குழந்தைகளும் மாடுகளும் நடமாடும் இடத்தில் விழக் கூடாது. சாக்கை விரித்துச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும்.

குழிகளுக்குள் எவ்வளவு தேய்த்தாலும் சிறிது துரு தங்கும். அதற்குத் துரு மாற்றி எனப்படும் திரவம் கடைகளில் கிடைக்கிறது. இதில் இரண்டு வகை உண்டு. பாஸ்பாரிக் அமிலம் கலந்த வகை, துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். டானின் கலந்த வகை, துருவைக் கருநீலப் படலமாக மாற்றும். டானின் காஞ்சிபுரத்துக்குப் புதிதன்று. இயற்கைச் சாயத் தொழிலில் கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு நிறம் உண்டாவது இதே டானினால்தான். ஆயினும் வீட்டில் கடுக்காயைக் கொதிக்க வைத்துப் பூசி, அதை நம்பிப் பாரம் ஏற்றுவது சரியன்று. கடையில் வாங்கும் திரவத்தில் அளவும் ஒட்டும் தன்மையும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். டப்பாவில் எழுதியுள்ளபடி நேரம் விட்டு, கழுவச் சொல்லியிருந்தால் கழுவி, உலர்த்த வேண்டும். அமிலம் கலந்தது என்பதால் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

தேய்த்த இரும்பை வெறுமனே விட்டுவைத்தால் ஓர் இரவுப் பனியிலேயே மீண்டும் செம்மை படரும். ஆகவே அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மாலை மூன்று மணிக்குள், வெயில் நேரடியாகச் சுடாத இடத்தில் அடிப்பது நல்லது. கனமாக ஒரு பூச்சு பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு பூசுவதே சிறந்தது. முதல் பூச்சு நன்றாக உலர்ந்த பிறகே இரண்டாவது பூச்சு.

பலரும் ரெட் ஆக்சைடு அடித்ததோடு நிறுத்திவிடுகின்றனர். இது பெரிய தவறு. பிரைமரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அது ஈரத்தை உள்ளே விடும். மேலே எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சு ஏறினால்தான் பாதுகாப்பு முழுமை பெறும். மேடு பள்ளத்தைச் சமப்படுத்தப் பட்டி தேவைப்பட்டால், பிரைமரின் மேல் மெல்லியதாக இழுத்து, தேய்த்து, மீண்டும் பிரைமர் அடித்து, அதன் பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். வெறும் துருவின் மேல் பட்டி பூசினால் அது ஈரத்தை உறிஞ்சி, துருவுக்குத் தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

பாட்டரித் தளத்தில் துரு இருந்தால் முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். அமிலம் இருக்கும் இடத்தில் நுரைக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவிய பிறகே தேய்க்கும் வேலையைத் தொடங்க வேண்டும். சோடா நீர் பாட்டரியின் உள்ளே போய்விடக் கூடாது.

பொத்தல் விழுந்தால்

பொத்தல் விழுந்த இடத்தில் பட்டி, தார், எம்சீல் போன்றவற்றை அடைப்பது வண்டியை ஏமாற்றுவதாகாது, ஓட்டுபவரைத்தான் ஏமாற்றும். இற்ற பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும். இற்றதன் மேலேயே தகட்டை வைத்துப் பற்றவைத்தால், இடையில் புதிய இடுக்கு ஒன்று உண்டாகித் துரு முன்னைவிட வேகமாக வேலை செய்யும்.

வெல்டிங்கிற்கு விடுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். மின்னணுக் கருவிகள் உள்ள புதிய வேன்களில் இது மிகவும் அவசியம். பக்கத்தில் உள்ள மெத்தை, ரப்பர், ஒயர் ஆகியவற்றை அகற்றி, வாளித் தண்ணீரும் ஈர மணலும் அருகில் வைத்திருக்க வேண்டும். டீசல் டாங்கில் பொத்தல் விழுந்தால் காலி டாங்கு என்று எண்ணி ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. காலி டாங்கில் தங்கும் ஆவி வெடிக்கும். டாங்கை மாற்றுவதே பாதுகாப்பு. டாங்கில் பகல் இரவு வெப்ப மாற்றத்தால் நீர் கசிந்து அடியில் தங்குவதால்தான் இந்தத் துரு வருகிறது. மாலையிலேயே டீசலை நிரப்பி வைப்பது இதனைக் குறைக்கும்.

இழுவைத் தண்டிலும் கொக்கியிலும் குழித் துருவோ விரிசலோ கண்டால், பூச்சுப் பூசி ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அதனை மாற்றும்வரை பாரம் ஏற்றாமல் இருக்க வேண்டும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி கூடாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

உட்கூடுகளுக்குப் பாதுகாப்பு

கதவு, பாக்ஸ் சேனல், சேஸிஸ் ஆகியவற்றின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கும். உள்ளே புகும் நீர் வெளியேறுவதற்காக வைத்தவை இவை. சேறு அடைத்தோ பெயிண்ட் மூடியோ இருந்தால், கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். வயலில் வடிகால் அடைத்தால் பயிர் அழுகுவது போலத்தான் இதுவும். துளையைத் திறந்து, உள்ளே நன்றாக உலர்ந்த பிறகு, உட்கூடுகளுக்கென்று விற்கப்படும் மெழுகுக் கலவையைக் குழாய் முனை வழியாகப் பீய்ச்சலாம். அது இடுக்குகளில் ஊர்ந்து படிந்துகொள்ளும். பீய்ச்சிய பிறகு வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய வெள்ளத்தில் நிற்கும் வண்டிகளில் என்ஜினை மட்டும் சரிசெய்து ஓட்டத் தொடங்குவது வழக்கம். உட்கூடுகளில் புகுந்த வண்டல் அங்கேயே தங்கிவிடும். அதன் பலன் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். எனவே வெள்ளம் வடிந்ததும் மிதியடிகளையும் மெத்தைகளையும் கழற்றி வெயிலில் போட வேண்டும். வடிகால் துளைகள் வழியே தெளிந்த நீர் வரும்வரை உள்ளே அலச வேண்டும். கதவுகளைத் திறந்து வைத்துப் பல நாள் உலர்த்த வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக ஓர் உழவர் பழைய சரக்கு வேன் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேன் புதிய பெயிண்டில் மின்னுகிறது. எப்.சி. காட்டுவதற்கு முன்பும் விற்பதற்கு முன்பும் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான் என்றாலும், அந்தப் பெயிண்டுக்கு அடியில் இருப்பதையே அவர் விலைக்கு வாங்குகிறார். ஆகவே காந்தத்தையும் திருப்புளியையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் மேல் பக்கத்தைப் பார்க்காமல், மிதியடியைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னிப் பள்ளத்தில் சேற்றுக் கோடோ மக்கிய வாடையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால், அதை மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளாமல் தட்டிப் பார்க்க வேண்டும். விற்பவர் தட்டவும் சுரண்டவும் விடமாட்டேன் என்றால், அந்த வண்டியை விட்டுவிடுவதே லாபம்.

செய்யக் கூடாதவை

என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தகட்டில் பூசும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. அதில் எரிந்த டீசலின் அமிலக் கழிவுகள் இருக்கும். ரப்பர் பாகங்களை அது உப்பச் செய்யும். மழையில் கழுவப்பட்டு வயலிலும் கிணற்றிலும் சேரும். எனவே அதனைத் தவிர்க்க வேண்டும்.

நனைந்த வண்டியைத் தார்ப்பாய் கொண்டு இறுக மூடக் கூடாது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். எருக்குழிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அருகில் வண்டியை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும். அங்கிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் தகட்டுக்குக் கேடு.

உரம் ஏற்றும்போது தரையில் பாலிதீன் விரிப்பு போட்டு, இறக்கியதும் அதை எடுத்து உதறிவிட வேண்டும். சிந்திய உரத்தைப் பெருக்கியெடுத்த பிறகு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பெருக்காமல் தண்ணீர் விட்டால், உரம் கரைந்து இடுக்குகளுக்குள் போய்ச் சேரும். இந்த ஒரு பழக்கம் ஏற்பட்டாலே துருவில் பெரும்பகுதி வராது.

எப்போது செய்யலாம்?

வட தமிழ்நாட்டில் ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. அதற்கு முன்னால் வரும் ஆயுத பூஜை, வண்டியைச் சோதிப்பதற்கு உகந்த நாள். எப்படியும் கழுவத்தான் போகிறார்கள். கழுவிய கையோடு தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். சிறு துருவை அந்த வாரத்திலேயே வெயில் நாள் பார்த்துச் சுரண்டிப் பூசிவிடலாம். சம்பா அறுவடை முடிந்து, பங்குனி சித்திரையில் வண்டிக்கு வேலை குறைந்து, வெயிலும் காய்கிற நேரத்தில் வெல்டிங், உட்கூடு மெழுகு போன்ற பெரிய வேலைகளை வைத்துக்கொள்ளலாம். இழுவைத் தண்டு, கொக்கி, பிரேக் பொருத்து ஆகியவற்றில் கண்ட துருவுக்கு மட்டும் சித்திரைவரை காத்திருக்கக் கூடாது.

ஒரு மிளகு அளவு கொப்புளத்தைச் சரிசெய்ய ஒரு தாள் உப்புத்தாளும், சிறு டப்பா பிரைமரும், சிறு டப்பா பெயிண்டும், ஒரு நாள் உழைப்பும் போதும். அதையே இரண்டு மழைக்காலம் விட்டுவைத்தால் தகடு, வெல்டிங் கூலி, பெயிண்ட், வண்டி நின்ற நாட்களின் வாடகை என்று செலவு நீளும். மேலும் விவரம் வேண்டுவோர் அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். தேர் புறப்படுமுன் அச்சைப் பார்ப்பது போல, பாரம் ஏற்றுமுன் வண்டியின் அடியைப் பார்க்கும் பழக்கத்தை உழவர் பெருமக்கள் மேற்கொண்டால், வண்டியும் நீடிக்கும், அதில் போகிறவர்களும் பத்திரமாக வீடு திரும்புவர்.